தூத்துக்குடிக் கடலுணவும் உணவுவழி நோய்க் கண்காணிப்பும்

உணவுவழி நோய்க் கண்காணிப்பு என்பது உணவு, குடிநீர் ஆகியவற்றின் மூலம் பரவும் நோய்களைப் பற்றிய தகவல்களைத் தொடர்ந்து திரட்டி, ஆராய்ந்து, நோய் மேலும் பரவாமல் தடுப்பதற்குப் பயன்படுத்தும் பொதுச் சுகாதாரப் பணி ஆகும். ஒரு நாட்டில் பிடிக்கப்படும் மீன் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு நாட்டில் உண்ணப்படுவதால், இப்பணியை எந்த நாடும் தனித்து முழுமையாகச் செய்ய இயலாது. நோயாளி ஒரு நாட்டிலும் நோய்க்குக் காரணமான உணவு தோன்றிய இடம் வேறொரு நாட்டிலும் இருக்கக்கூடும். எனவே ஆய்வக முறைகள், தகவல் பரிமாற்றம், பணியாளர் பயிற்சி ஆகியவற்றில் பன்னாட்டு ஒத்துழைப்பு தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டின் தென்கிழக்கே மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள தூத்துக்குடிக் கடற்கரை, வரலாற்றில் முத்துக்குளித்துறை என அறியப்பட்டது. இன்று இது இறால், கணவாய், நண்டு, மீன் ஆகியவற்றை ஏற்றுமதி செய்யும் பகுதிகளுள் ஒன்று. இக்கடற்கரையின் கடலுணவை முன்வைத்து, உணவுவழி நோய்க் கண்காணிப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பும் பயிற்சியும் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உணவுவழி நோய்கள்

உணவுவழி நோய்கள் பாக்டீரியா, தீநுண்மம் (வைரசு), ஒட்டுண்ணி ஆகிய உயிரிகளாலும், இயற்கை நச்சுகள், வேதிப்பொருட்கள் ஆகியவற்றாலும் உண்டாகின்றன. வயிற்றுப்போக்கும் வாந்தியும் இவற்றின் பொதுவான அறிகுறிகள். எனினும் நரம்பு மண்டலம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கும் நோய்களும் உள்ளன.

உலக சுகாதார அமைப்பு 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடி மக்கள், அதாவது பத்தில் ஒருவர், மாசடைந்த உணவால் நோயுறுகின்றனர். 4,20,000 பேர் உயிரிழக்கின்றனர். இறப்போரில் 1,25,000 பேர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள். இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் மட்டும் ஆண்டுக்கு 15 கோடி பேர் நோயுறுவதாகவும் 1,75,000 பேர் இறப்பதாகவும் அதே அறிக்கை மதிப்பிட்டது.

இவை எண்ணிக் கண்ட தொகைகள் அல்ல, மதிப்பீடுகளே. வயிற்றுப்போக்கு கண்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு மருத்துவத்துடன் நின்றுவிடுகின்றனர். ஒரு பகுதியினரே மருத்துவரிடம் செல்கின்றனர். அவர்களிலும் மிகச் சிலரின் மலமே ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. நோய்க்கிருமி கண்டறியப்பட்டு அரசுப் பதிவேட்டில் ஏறும் நோயாளிகள் ஒரு கூம்பின் உச்சியைப் போன்றவர்கள். இதனைக் கண்காணிப்புக் கூம்பு என்பர். கூம்பின் அடிப்பகுதியை எந்த அளவுக்கு அறிய முடிகிறது என்பதே ஒரு நாட்டின் கண்காணிப்பு அமைப்பின் தரத்தைக் காட்டும்.

தூத்துக்குடிக் கடற்கரையின் பின்னணி

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் வேம்பார், தருவைக்குளம், திரேஸ்புரம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986 ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இக்கடலின் முத்துச்சிப்பிப் படுகைகளில் பல நூற்றாண்டுகளாக முத்துக்குளித்தல் நடைபெற்றது. தமிழ்நாட்டுக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டில் நடைபெற்றது. சங்கு குளித்தல் அதன் பின்னரும் தொடர்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தினர் 1973 ஆம் ஆண்டில் இந்தியாவில் செயற்கை முறையில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர்.

தூத்துக்குடி 1974 ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. உறைய வைத்த இறால், கணவாய், பதப்படுத்திய நண்டுச் சதை முதலியன குளிர்பதனக் கொள்கலன்களில் இத்துறைமுகத்தின் வழியே வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. நெத்திலிக் கருவாடு, சூரை மீனில் செய்யப்படும் மாசிக்கருவாடு போன்ற உலர் மீன்களுக்கு இலங்கை நெடுங்காலச் சந்தையாகும். மாவட்டத்தின் உப்பளங்களில் விளையும் உப்பு இத்தொழிலுக்குத் துணையாக உள்ளது.

வரலாறு

நோய்க் கண்காணிப்பு இக்கடற்கரைக்குப் புதியதன்று. முத்துக்குளிக்கும் காலங்களில் குளியாளிகள், வணிகர்கள், தொழிலாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் கடற்கரையில் தற்காலிக முகாம்களில் கூடினர். முத்தைப் பிரித்தெடுப்பதற்காகச் சிப்பிகள் திறந்த வெளியில் அழுகவிடப்பட்டன. குடிநீர்த் தட்டுப்பாடும் கழிவுகளும் சேர்ந்த அம்முகாம்களில் காலரா பெரிதும் அஞ்சப்பட்ட நோயாக இருந்தது.

நாடுகளுக்கிடையே காலரா பரவுவதைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கமே பன்னாட்டுச் சுகாதார ஒத்துழைப்பின் தொடக்கம் ஆகும். இதற்கான முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு 1851 ஆம் ஆண்டில் பாரிசில் கூடியது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, காலரா, பெரியம்மை, பிளேக் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அக்காலக் கண்காணிப்பு மனிதரைத் தடுத்து நிறுத்துவதாக இருந்தது. உணவை ஆராய்ந்து, நோயின் மூலத்தைக் கண்டறிந்து, அங்கேயே அதனைச் சரிசெய்யும் முறை பின்னரே வளர்ந்தது.

உலக சுகாதார அமைப்பு 1948 ஆம் ஆண்டில் தோன்றியது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் உணவுநெறி ஆணையத்தின் முதல் கூட்டம் 1963 ஆம் ஆண்டில் நடைபெற்றது. இவ்வாணையத்தை உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து நடத்துகின்றன. பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளின் 2005 ஆம் ஆண்டுப் பதிப்பு 2007 சூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பிற நாடுகளுக்குப் பரவக்கூடிய உணவுவழி நோய்ப் பெருக்கத்தையும் உறுப்பு நாடுகள் உலக சுகாதார அமைப்பிற்கு அறிவிக்க வேண்டும்.

கடலுணவு வழியே பரவும் நோய்கள்

சால்மோனெல்லா

சால்மோனெல்லா கடலுக்கு உரிய பாக்டீரியா அன்று. மனிதர், விலங்கு, பறவை ஆகியவற்றின் குடலில் வாழ்வது. கழிவுநீர் கலந்த கரையோர நீர், தூய்மையற்ற பனிக்கட்டி, கழுவப்படாத கை, ஏலக்கூடத்தின் தரை ஆகியவற்றிலிருந்து மீனை அடைகிறது. எனவே மீனில் சால்மோனெல்லா காணப்படுமாயின், பிடித்த பின் கையாண்ட முறையிலோ கரையோர நீரிலோ குறை இருந்தது என்று பொருள். இதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஏற்றுமதிக்குரிய கடலுணவில், 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா அறவே இருத்தல் கூடாது என்பது பல இறக்குமதி நாடுகள் பின்பற்றும் அளவுகோல்.

விப்ரியோ

விப்ரியோ பாக்டீரியாக்கள் வெப்பமான கடல்நீரிலும் கழிமுக நீரிலும் இயற்கையாகவே வாழ்பவை. விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் 1950 ஆம் ஆண்டில் சப்பானின் ஒசாகாவில் 272 பேரை நோயுறச் செய்து 20 பேர் இறக்கக் காரணமான சிறுமீன் உணவிலிருந்து முதன்முதலில் கண்டறியப்பட்டது. ஏற்ற வெப்பநிலையில் இது ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பனிக்கட்டி இன்றிப் படகில் வெயிலில் கிடக்கும் மீனில் சில மணி நேரத்திற்குள் இது பெருமளவில் பெருகிவிடக்கூடும். நன்கு வேகவைத்தால் இறந்துவிடும்.

இசுட்டமின் நச்சு

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் இசுட்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் குளிரூட்டப்படாமல் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் இதனை இசுட்டமினாக மாற்றுகின்றன. இதனை உண்டவர்களுக்குச் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, படபடப்பு ஆகியன தோன்றும். மீன் ஒவ்வாமை எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. சமைத்தாலும், உறைய வைத்தாலும், தகரத்தில் அடைத்தாலும் இந்நச்சு அழியாது. பிடித்த உடனேயே குளிரூட்டுவது ஒன்றே தடுக்கும் வழி.

சிப்பி நச்சு

மட்டி, ஆளி போன்ற இருவோட்டுச் சிப்பிகள் கடல்நீரை வடிகட்டி உண்பவை. நச்சுடைய நுண்பாசிகள் பெருகும் காலங்களில் அந்நச்சு சிப்பியின் உடலில் சேர்கிறது. இவற்றுள் வாதச் சிப்பி நச்சு உதடும் விரலும் மரத்துப்போகச் செய்து, மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யவல்லது. இதுவும் சமைப்பதால் நீங்குவதில்லை. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திற்கு அருகிலுள்ள வயலூரில் 1981 ஆம் ஆண்டில் மட்டி உண்டவர்களில் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1997 ஆம் ஆண்டில் இத்தகைய மற்றொரு நிகழ்வில் எழுவர் இறந்தனர்.

சிப்பியில் சேரும் பாக்டீரியாவைக் குறைக்க, அதனை உயிருடன் தூய கடல்நீர்த் தொட்டியில் வைத்துக் குடலைத் தூய்மையாக்கும் முறை உண்டு. தூத்துக்குடியில் உண்ணத்தக்க ஆளி வளர்ப்புடன் இம்முறையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினரால் ஆராயப்பட்டது. எனினும் நுண்பாசி நச்சை இம்முறையால் எளிதில் நீக்க இயலாது. ஆகவே சிப்பி எடுக்கப்படும் கடல்நீரையே தொடர்ந்து சோதிப்பது பன்னாட்டு நடைமுறையாக உள்ளது.

ஆய்வக ஒத்துழைப்பு: மூன்று எடுத்துக்காட்டுகள்

சென்னை, 1992

1992 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கு பரவியது. அதற்குக் காரணமான விப்ரியோ காலரே பாக்டீரியா, காலராவை உண்டாக்குவதாக அதுவரை அறியப்பட்டிருந்த ஓ1 வகையுடன் பொருந்தவில்லை. பின்னர் கல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் அதே பாக்டீரியா காணப்பட்டது. இந்திய, வங்காளதேச ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பாக்டீரியா சப்பானில் வகைப்படுத்தப்பட்டது. அறியப்பட்டிருந்த 138 வகைகளுடனும் பொருந்தாமையால் அது ஓ139 என எண்ணிடப்பட்டது. மூன்று நாட்டு ஆய்வகங்கள் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டதாலேயே புதிய வகை ஒன்று தோன்றியுள்ளது என்பது விரைவில் தெளிவாயிற்று.

இறக்குமதி இறாலால் காலரா பரவுமா என்ற ஐயம் பல நாடுகளில் நிலவியது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட கூட்டு இடர் மதிப்பீடு, வெப்பநீர் இறால் வணிகத்தின் மூலம் ஓ1, ஓ139 காலரா பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என முடிவு செய்தது. கண்காணிப்புத் தரவுகள் நுகர்வோரைக் காப்பதற்கு மட்டுமன்றி, ஆதாரமற்ற அச்சத்தினால் மீனவரின் சந்தை மூடப்படாமல் இருப்பதற்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

கல்கத்தா, 1996

1996 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. அங்குள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனமும் சப்பானிய ஆய்வாளர்களும் இணைந்து, ஓ3:கே6 என்னும் ஒரே வகை பரவுவதைக் கண்டறிந்தனர். 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெக்சாசு மாநிலக் கடலில் எடுக்கப்பட்ட பச்சை ஆளியை உண்ட 416 பேர் நோயுற்றபோது, அதே வகையே காரணம் என அறியப்பட்டது. கல்கத்தாவில் முன்னரே செய்யப்பட்ட ஆய்வு இல்லையெனில் இத்தொடர்பு புலப்பட்டிருக்காது.

அமெரிக்கா, 2012

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 1996 ஆம் ஆண்டில் பல்சுநெட் என்னும் ஆய்வக வலையமைப்பை உருவாக்கின. நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் பாக்டீரியாவின் மரபணு அமைப்பைக் கைரேகை போல ஒப்பிட்டு, வெவ்வேறு ஊர்களில் நோயுற்றவர்கள் ஒரே உணவால் பாதிக்கப்பட்டனரா எனக் கண்டறிவது இதன் பணி.

2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 28 மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் 425 பேர் சால்மோனெல்லாவால் நோயுற்றனர். அவர்களுள் 410 பேரிடம் காணப்பட்டது, இந்தியாவின் பரேலி நகரின் பெயரைக் கொண்ட சால்மோனெல்லா பரேலி என்னும் வகை. பச்சையாக உண்ணப்படும் சூசி உணவில் சேர்க்கப்பட்ட சூரைமீன் சதையே காரணம் எனத் தெரியவந்தது. இச்சதை, மீனைத் துண்டாக்கிய பின் முள்ளிலிருந்து சுரண்டி எடுக்கப்படுவது. கேரளத்திலுள்ள ஓர் ஆலையில் உறைய வைக்கப்பட்டது. ஏறத்தாழ 27 டன் சரக்கு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் ஆலையை நேரில் ஆய்வு செய்தனர். முழு மரபணுத் தொடர் ஆய்வில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறோர் ஆலையின் இறாலிலிருந்து முன்னர் எடுத்துச் சேமிக்கப்பட்டிருந்த பாக்டீரியாவுடன் இது நெருங்கிய உறவுடையது எனவும் கண்டறியப்பட்டது. சேமிப்பிலிருந்த ஒரு பழைய மாதிரி, புதிய நோயின் பிறப்பிடத்தைக் காட்ட உதவியது.

1997 ஆம் ஆண்டின் ஏற்றுமதித் தடை

இந்தியக் கடலுணவுத் துறையில் கண்காணிப்பு முறைகள் பெரிதும் மாறியதற்கு 1997 ஆம் ஆண்டு நிகழ்வுகள் காரணமாயின. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தூய்மைக் குறைபாடுகளைக் காரணம் காட்டி, இந்தியாவிலிருந்து குறிப்பிட்ட கடலுணவுகளை இறக்குமதி செய்ய ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. வங்காளதேசம், மடகாசுகர் ஆகிய நாடுகளும் அப்போது இத்தகைய தடைக்கு உள்ளாயின. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே ஆய்வு செய்யப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாட்டுடன் ஏற்றுமதி பின்னர் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 18 முதல் அமெரிக்காவும் தன் நாட்டில் விற்கப்படும் கடலுணவு அனைத்திற்கும் ஹாசப் முறையைக் கட்டாயமாக்கியது.

ஹாசப் எனத் தொழிலில் வழங்கும் இடர் பகுப்பாய்வு மற்றும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி முறை, 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவானது. முடிவுற்ற பொருளிலிருந்து சில மாதிரிகளைச் சோதித்துவிட்டு மற்றவை நல்லவை என நம்புவது பழைய முறை. அதற்கு மாறாக, கேடு விளையக்கூடிய இடங்களை முன்கூட்டியே இனங்கண்டு, ஒவ்வோர் இடத்திலும் அளந்து பதிவு செய்வது ஹாசப் முறை. எடுத்துக்காட்டாக, சூரைமீன் ஆலைக்கு வரும்போது அதன் வெப்பநிலை, நண்டுச் சதையைப் பாசுச்சர் முறையில் சூடாக்கும் வெப்பமும் நேரமும், குளிர்பதன அறை -18 பாகை செல்சியசில் இருத்தல் ஆகியன கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுப் பதிவு செய்யப்படுபவை.

1963 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த ஏற்றுமதி ஆய்வுக் கழகம், ஐரோப்பிய ஒன்றியத்தால் இந்தியாவின் பொறுப்பு அமைப்பாக ஏற்கப்பட்டது. ஆலைகளை ஆராயும் குழுக்களில் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றின் வல்லுநர்களும் இடம்பெற்றனர். ஆலைகள் தரை, வடிகால், நீர்ச் சுத்திகரிப்பு, ஆய்வகம் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு செய்ய நேர்ந்தது. அச்செலவைத் தாங்க இயலாத சிறிய நிறுவனங்களுக்கு அச்சந்தை எட்டாததாயிற்று.

வளர்ப்பு இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எச்சம் காணப்படுவது பின்னர் மற்றொரு சிக்கலாக எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஆம் ஆண்டில், இந்திய வளர்ப்புக் கடலுணவுச் சரக்குகளில் எல்லையில் சோதிக்கப்படும் விழுக்காட்டை 10 இலிருந்து 50 ஆக உயர்த்தியது.

தகவல் வலையமைப்புகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு, தீவன விரைவு எச்சரிக்கை அமைப்பு 1979 ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. ஒரு துறைமுகத்தில் ஒரு சரக்கு நிராகரிக்கப்பட்டால் மற்ற உறுப்பு நாடுகளுக்கும், பொருள் தோன்றிய நாட்டிற்கும் செய்தி செல்கிறது. உலக அளவில், உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து 2004 ஆம் ஆண்டில் இன்போசான் என்னும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் வலையமைப்பை ஏற்படுத்தின.

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதில் மூன்று வகை அறிக்கைகள் மாவட்ட அளவில் திரட்டப்படுகின்றன. சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளைக் கொண்டு ஐயுறுவது முதல் வகை. மருத்துவர் நோயென முடிவு செய்வது இரண்டாவது. ஆய்வகம் உறுதி செய்வது மூன்றாவது. இவை 2021 ஆம் ஆண்டு முதல் இணையவழித் தளத்தில் பதியப்படுகின்றன. கடும் வயிற்றுப்போக்கும் உணவு நச்சேற்றமும் இத்திட்டத்தில் மிகுதியாக அறிவிக்கப்படும் நோய்ப் பெருக்கங்களுள் அடங்கும்.

பயிற்சி

ஆய்வகக் கருவிகளை வாங்குவதால் மட்டும் கண்காணிப்பு நடைபெறாது. மாதிரியைச் சரியாக எடுப்பவர், பாக்டீரியாவை வகைப்படுத்துபவர், நோயாளிகளிடம் வினவி உணவை இனங்காண்பவர், மீனைக் கையாள்பவர் ஆகிய அனைவருக்கும் பயிற்சி தேவை.

ஆய்வகப் பயிற்சி: உலக சுகாதார அமைப்பு 2000 ஆம் ஆண்டில் உலக சால்மோனெல்லா கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. டென்மார்க்கு, அமெரிக்கா, பிரான்சு முதலிய நாடுகளின் நிறுவனங்கள் இதில் துணைநின்றன. நுண்ணுயிரியலாளர்களும் நோய்ப்பரவலியலாளர்களும் ஒரே பயிற்சியில் சேர்த்து அமர்த்தப்பட்டது இதன் சிறப்பு. பங்கேற்கும் ஆய்வகங்களுக்கு அடையாளம் மறைக்கப்பட்ட பாக்டீரியா மாதிரிகள் அனுப்பப்பட்டு, அவை சரியாகக் கண்டறியப்படுகின்றனவா எனவும் சோதிக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் இது பிற கிருமிகளையும் உள்ளடக்கி, உலக உணவுவழித் தொற்று வலையமைப்பு எனப் பெயர் மாற்றப்பட்டது.

களப் பயிற்சி: சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001 ஆம் ஆண்டு முதல் களநோய்ப்பரவலியல் பயிற்சியை நடத்துகிறது. அமெரிக்காவில் 1951 ஆம் ஆண்டில் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பணியை முன்மாதிரியாகக் கொண்டு உலகின் பல நாடுகளில் உருவான பயிற்சிகளின் வரிசையில் இதுவும் ஒன்று. பயிற்சி பெறும் மருத்துவர்கள் வகுப்பில் சிறிது காலமும் களத்தில் பெரும்பகுதியும் செலவிடுகின்றனர். ஒரு திருமண விருந்திற்குப் பின் பலர் நோயுற்றால், நோயுற்றவரும் நோயுறாதவரும் என்னென்ன உண்டனர் என்று வினவி, எண்களை ஒப்பிட்டு, காரணமான உணவை இனங்காண்பது இவர்கள் கற்கும் அடிப்படை முறை.

தொழில் பயிற்சி: தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1977 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் உருவான பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரியில், மீன் தரக் கட்டுப்பாடு ஒரு தனித்துறையாகக் கற்பிக்கப்படுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆலைத் தொழில்நுட்பர்களுக்கு ஹாசப் பயிற்சி அளித்து வருகிறது.

மீனவர் பயிற்சி: கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் துணை அமைப்பான நெட்பிஷ், மீன் இறங்குதளங்களில் மீனவர்களுக்கும் மீன் பிரிக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. குடிக்கத்தக்க நீரில் செய்த பனிக்கட்டியைப் பயன்படுத்துதல், மீனைத் தரையில் கொட்டாமல் பெட்டியில் வைத்தல், படகின் மீன் அறையைக் கழுவுதல், கருவாட்டை மணலில் அன்றி உயர்த்திக் கட்டிய தட்டிகளில் உலர்த்துதல் ஆகியன மீன்வளத் துறைப் பயிற்சிகளில் வலியுறுத்தப்படுபவை. பன்னாட்டு அளவில் வகுக்கப்பட்ட நெறிகள் இறுதியில் நடைமுறைக்கு வரும் இடம் இதுவே.

துறைமுகத்தில் கண்காணிப்பு

துறைமுகக் கண்காணிப்பு இரு திசைகளிலும் நடைபெறுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உணவுப் பொருட்கள் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் சோதிக்கப்படுகின்றன. இச்சட்டத்தின்படி அமைந்த ஆணையம் இறக்குமதியைச் சோதிக்கத் தொடக்கத்தில் அலுவலர்களை அமர்த்திய நுழைவிடங்களில் தூத்துக்குடியும் ஒன்று. பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளின்படி கப்பல்கள் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கப்பலின் சமையலறை, உணவுக் கிடங்கு, குடிநீர்த் தொட்டி, கழிவு ஆகியன சோதிக்கப்பட்ட பின் வழங்கப்படும் இச்சான்றிதழ் ஆறு மாதங்களுக்குச் செல்லும்.

ஏற்றுமதி மீனும் உள்ளூர் மீனும்

ஏற்றுமதி ஆலைக்குச் செல்லும் ஒரு பெட்டி இறாலுக்கு, அது வந்த இடம், வெப்பநிலை, ஆய்வக முடிவு ஆகிய பதிவுகள் உண்டு. அதே கரையில் இறங்கி உள்ளூர்ச் சந்தைக்குச் செல்லும் மீனுக்குப் பொதுவாக அத்தகைய தொடர் பதிவு இல்லை. ஏற்றுமதி மீனை ஏற்றுமதி ஆய்வுக் கழகமும், உள்நாட்டு மீனை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் கண்காணிக்கின்றன. முதலாவதற்கு வெளிநாட்டுச் சந்தையின் நெருக்கடி உண்டு. இரண்டாவதற்கு அத்தகைய நெருக்கடி இல்லை. அயல்நாட்டு நுகர்வோருக்காக உருவான பாதுகாப்பு, மீனைப் பிடித்தவரின் குடும்பத்திற்கும் எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பது இத்துறையின் முதன்மையான வினாவாக உள்ளது.

தமிழர் மீனைப் பெரும்பாலும் குழம்பாகவும் வறுவலாகவும் நன்கு சமைத்தே உண்கின்றனர். இதனால் சால்மோனெல்லா, விப்ரியோ ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைகிறது. ஆனால் இசுட்டமினும் சிப்பி நச்சும் கொதிக்கும் குழம்பிலும் அழிவதில்லை. மீன் அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் வெங்காயம் அரிவதால், சமைக்காத உணவிற்குப் பாக்டீரியா செல்வதும் உண்டு. எனவே நல்ல சமையல் மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது.

2018 ஆம் ஆண்டில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில், பிற மாநிலங்களிலிருந்து வந்த மீனில் பார்மலின் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய, சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைத் தாள் இதற்குப் பயன்பட்டது. எளிய கருவி இருப்பின் உள்நாட்டுச் சந்தையிலும் கண்காணிப்பு இயலும் என்பதை இது காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வடகிழக்கு மாநிலங்களில், நோயாளிகளையும் சந்தை உணவையும் ஒருசேர ஆய்வு செய்யும் உணவுவழி நோய்க்கிருமி ஆய்வு வலையமைப்பை நடத்தியுள்ளது. மருத்துவமனைத் தரவும் மீன்சந்தைத் தரவும் ஒரே இடத்தில் ஒப்பிடப்படும்போதுதான் நோயின் மூலத்தை விரைவில் அறிய முடியும்.

உலக சுகாதாரப் பேரவை 2022 ஆம் ஆண்டில், 2030 வரைக்குமான உலக உணவுப் பாதுகாப்பு உத்தியை ஏற்றுக்கொண்டது. நாடுகள் தமது உணவுவழி நோய்க் கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2019 ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் சூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

முத்துக்குளித்தல்
மன்னார் வளைகுடா
காலரா
சால்மோனெல்லா
உலக சுகாதார அமைப்பு
வ. உ. சிதம்பரனார் துறைமுகம்